நல்ல நாளில் வைத்த மீன்குழம்பு
கல்யாணமான புதிதில், சாதகம் பார்க்கும் சாத்திரியாரிடம் நல்ல நாள் கேட்டு, கைக்காப்பை விற்று வாங்கிய சட்டிகளோடு தோணித்துறையில் பிட்டுக் கடை போட்டேன். எங்கள் ஊர் அம்மன் சடங்கு முடிந்து மீனுக்குத் தடை நீங்கியிருந்தது. அதனால் ஒரு சட்டி நிறைய மீன்குழம்பும் வைத்தேன்.

எதிர்க்கரையிலிருந்து தோணியில் வந்த பெண்கள் சட்டியைக் கண்டதும் விலகி நின்றார்கள்.

“என்னகா புள்ள, எங்கட அம்மன் கோயில் இண்டைக்குத்தானே கதவு திறந்து சடங்கு தொடங்கிற! ஏழு நாளைக்கு மீன் தொடமாட்டம்.”

“வெறும் பிட்டாவது வாங்குங்களன்கா.”

“மீன் சட்டிக்குப் பக்கத்தில இருந்த பிட்டையா?”

வந்த தோணியெல்லாம் இதே கதைதான். மாலையில் சாத்திரியார் வந்து, “யாவாரம் எப்பிடி?” என்றார். எரிச்சலில் குழம்பை அவர் முன் வைத்தேன்.

“நாள் எனக்கு நல்லந்தான். திங்கிற ஆக்களுக்கு நல்லமா எண்டு நாம ரெண்டு பேரும் பாக்கல்ல. நாளைக்குப் பிட்டுக்குத் தேங்காச் சம்பல்தான். இத நீங்களே முடிங்க.”

மனிதர் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, “புளி கொஞ்சம் கூடிப்போச்சு புள்ள” என்றார்.