ஒற்றைக் கால் பேடு

போன வாரம் பரணில் கிடந்த, கிரிக்கெட்டில் காலுக்குக் கட்டும் ஒற்றைப் பேடை எடுத்துத் தட்டினேன். சாக்குக்குள் மூங்கில் பட்டை வைத்துத் தைத்தது. அதில், முழங்காலுக்குக் கீழே வரும் இடத்தில், பந்து பட்ட சிவப்புத் தழும்பு. அது என் வீரத்தின் அடையாளம் என்றுதான் இருபது வருடமாக மனைவியிடம் சொல்லிவருகிறேன். உண்மையில் அதைக் கட்டியிருந்தவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய, நாங்கள் எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டவர். நான் அவர் கிரேனுக்குக் கீழே நின்று, இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் குமாஸ்தா.

ஐம்பதுகளின் தொடக்கம். ராயபுரத்தில், உப்பு பூத்த மைதானத்தில் நார் விரிப்பு போட்டு ஆடிய ஞாயிற்றுக்கிழமை அது. எதிரணியில் ஒரு கொதிகலன் பட்டறைக்காரர், இடக்கை வேகம். அவர் பந்து நம் இடது தோள்பக்கமிருந்து கிளம்பி, உடம்புக்குக் குறுக்காகப் பாயும். எங்களில் ஒன்பது பேர் ஆட்டமிழந்து திரும்பினார்கள். நானோ பேன்ட்டுக்குள் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொண்டு கடைசி ஆளாகப் போனேன். நடக்கும்போதெல்லாம் அது சரசரத்து என் நடுக்கத்தை ஊருக்குச் சொன்னது.

மறுமுனையில் அண்ணன் மட்டும் அசையவில்லை. மற்றவர்களைப் போல் பக்கவாட்டில் நிற்காமல், நெஞ்சை முழுக்கப் பந்துக்காரர் பக்கம் திருப்பி நின்றார். இடக்கைப் பந்துக்கு இதுதான் மருந்து என்று எல்லோரும் மெச்சினார்கள்.

"நீயும் அப்டியே நில்லு நைனா. கால மட்டும் நவுத்தாத. நவுந்தின்னா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"கால் என் பேச்ச கேட்டா சரி, அண்ணே."

ஓவர் முடிந்து இருவரும் நடுவில் சந்தித்தபோது, இருந்த ஒரே கையுறையை அவரிடம் நீட்டினேன். அவர் இடப்பக்கமாக நீட்டினேன். கை அப்படியே காற்றில் நின்றது. அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, தெர்ல?"

தலையை முழுவதும் திருப்பிப் பார்த்தார். "இரும்புக் கயிறு அறுந்து கம்பி எடது கண்ணுல தெறிச்சுது. நாலு மாசம் ஆவுது. மூணு புள்ளைங்க கீது, நைனா. வெளிய தெரிஞ்சா கிரேன் போயிடும்."

"யார்ட்டயும் சொல்லமாட்டேண்ணே."

அவர் நெஞ்சைத் திருப்பி நின்றது மருந்து அல்ல. இருந்த ஒரு கண்ணை நடுவில் கொண்டுவந்து நிறுத்தும் வழி. அந்த ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அடுத்த ஓவர் முழுவதும் தடுத்தார். ஒரு பந்து பேடில் விழுந்த சத்தம் எனக்கே வலித்தது. பிறகு என் முறை. இரண்டு கண்ணும் நன்றாக இருந்த நான் இரண்டையும் மூடிக்கொண்டு லெக் பக்கம் ஓடினேன். ஸ்டம்பு விழுந்த சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். தோற்றோம்.

சொன்னபடியே நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாள் காலை வழக்கம்போல் சீட்டும் பென்சிலுமாகக் கிரேனுக்குக் கீழே நின்றேன். மூட்டை வலை மேலே எழும்பி அவருடைய இடப்பக்கமாகத் திரும்பியது. வருடக்கணக்காக அதன் அடியில் பீடி பிடித்தவன் நான். அன்று மூன்றடி பின்னால் நகர்ந்தேன். மூன்றே அடி.

வலை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக, ஒரு மூட்டையும் குலுங்காமல் தரைக்கு வந்தது. அண்ணன் ஏணியில் இறங்கினார்.

"இன்னாண்ணே ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ நவுந்தத பாத்தேன்."

"அது... சும்மா, வெயிலுக்கு..."

"உன்னிய சொல்லல நைனா. நல்ல கண்ணு எனக்கு ஒண்ணு கீதே, அதால பாத்தேன். நாலு மாசமா நீ நவுராம நின்ன. தெரியாம நிக்க வுட்டேனே, அதுதான் என் தப்பு."

நேரே இன்ஜினியர் அறைக்குப் போய்க் கண் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பின்னர் அவருக்குக் கிடைத்தது வாயிற்காவலும் பாதிச் சம்பளமும்தான். அந்த வாரமே பேடைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்: "உனக்குத்தான் இது தேவப்படும்." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பேடைத் தட்டி முடித்ததும் காலில் கட்டிப் பார்த்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "வீரர் கிளம்பிட்டாரா?" என்றாள். இந்த முறை தழும்பு யாருடையது என்று சொன்னேன். நான் வாயைக் காத்தேன், கால்தான் சொல்லிவிட்டது என்றும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குனிந்து பேடின் வாரை அவிழ்த்துவிட்டாள்.