அனுமதி கேளாத நீர்மோர்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் என்னை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியிருக்கிறது. அறுபத்துமூவர் திருவிழாவின் ஒழுங்கை நான் குலைத்தேனாம். மயிலாப்பூரில் அப்பேச்சே உண்மையென நிலைத்துவிடுமுன், நடந்ததை எழுதிவைப்பது என் கடமையாகிறது.

கல்லூரியில் பொருளியல் கற்பித்துக் காலம் கழித்தவன் நான். என் பற்றெல்லாம் ஆஸ்திரியப் பொருளியல் மரபின்மீதே. மக்களின் தேவை பற்றிய அறிவு பல்லாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது. அதனை ஒரு மேசைமேல் திரட்டி ஆணையாக்க எந்தக் குழுவாலும் இயலாது. தத்தம் விருப்பப்படி நடப்போரிடையே ஒழுங்கு தானே முளைக்கும் என்பது அதன் சாரம். இதற்கு வகுப்பில் நான் காட்டிவந்த சான்று எங்கள் மாடவீதிதான். திருவிழாவன்று ஒரு வீட்டார் சுண்டல் வழங்கினால், அதைக் கண்டு அடுத்த வீட்டார் பானகம் வழங்குவர், அதற்கடுத்தவர் விசிறி. எவரும் எவரையும் ஏவியதில்லை.

இம்முறை சங்கம் ஏவத் துணிந்தது. வீதியில் எங்கள் பக்கம் முழுதும் புளியோதரை, எதிர்ப்பக்கம் முழுதும் தண்ணீரும் மோரும் என வகுத்தது. குப்பை குறையும் என்றார்கள். குப்பை மெய்யாகவே பெருந்தொல்லைதான். திருவிழாவுக்கு முதல்நாள் சங்கச் செயலாளர் சிலரோடு என் இல்லத்துக்கே வந்தார்.

“மாமா, உங்காத்துல புளியோதரை மட்டுந்தான். வேற எதுவும் கூடாது.”

“எங்காத்து வாசல்ல என்ன குடுக்கணும்னு நீங்க யாரு சொல்றதுக்கு?”

“சும்மா குடுக்கறதுல விலையேது, சந்தையேது? பாடத்தைக் கிளாசோட விட்டுடுங்கோ மாமா!”

உடன்வந்தோர் சிரித்தனர். உள்ளிருந்து என் மனைவியின் குரல் எழுந்தது: “மோருக்குத் தோய்ச்சாச்சு. அதைத் திருப்பிப் பாலாக்க உங்க கமிட்டியால முடியுமோ?”

திருவிழாவன்று வெயில் கொளுத்தியது. நாயன்மார் பல்லக்குகள் வரிசையாக வந்து வீதியை அடைத்தன. எங்கள் பக்கம் புளியோதரை உண்டவர்கள் எதிர்ப்பக்கத் தண்ணீரைக் கண்ணால் காணலாம். கடந்துசென்று பருக வழியில்லை. ஆண்டுதோறும் இதே வீதியில் நின்று பல்லக்குகளை வணங்கும் சங்கத்தார், திட்டம் வகுக்கையில் பல்லக்குகளையே மறந்துபோயினர்! தோளில் குழந்தையோடு ஒருவர் என் வாசற்கதவைத் தட்டினார்.

“நைனா, புளிசோறு துன்னுட்டோம். தண்ணி அந்தாண்ட கீது. புள்ள விக்கிக்கினு கீது, இன்னா பண்றது?”

கதவை அகலத் திறந்து மோர்ப்பானையை வாசலில் வைத்தேன். செயலாளர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு விரைந்து வந்தார்.

“கதவைச் சாத்துங்கோ மாமா! ஒருத்தருக்குத் திறந்தா எல்லாரும் வருவா.”

“வரட்டும். அதுக்குத்தான் திறந்தேன்.”

பானை காலியாகும்வரை சாத்தவில்லை. வாசலில் இறைந்த குவளைகளை நானும் மனைவியுமே பொறுக்கினோம். அதன் பின்னரே நீக்கம் வந்தது. நன்று. உறுப்பினன் அல்லாதவனைச் சங்கத்தின் தீர்மானம் கட்டாது. வரும் பங்குனியிலும் எங்கள் வாசலில் மோர் உண்டு.

அன்று அவ்வீதியில் நின்றவர்கள் இதைப் படிக்கக்கூடும். எப்பக்கம் எது வழங்கப்பட்டது, யார் என்ன மொழிந்தார் என்பவற்றில் நான் பிழைபட்டிருந்தால் அன்புகூர்ந்து திருத்துக. கதவைத் திறந்ததை மட்டும் திருத்த முயல வேண்டா.