பூவில்லாத ரூபாய்

காரைக்குடியில் நாச்சியப்பச் செட்டியாரின் வட்டிக்கடையில் காசு நல்லதா கள்ளமா என்று நோட்டம் பார்த்தவர் முத்தப்பன். அவருடைய கடைசிக் காலத்தில் அவர் பலகைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு கும்பா நிறையத் தண்ணீர் இருக்கும். வருகிற ரூபாயில் கொஞ்சம் அழுக்குத் தெரிந்தாலும் அதில் போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்த பிறகுதான் கண்ணருகே கொண்டுபோவார். "நம்ம நோட்டக்காரர் காசைக் குளிப்பாட்டிப் பொட்டு வச்சுத்தான் பெட்டிக்குள்ள படுக்க வைப்பாரு" என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள். பேசியவர்களில் பாதிப் பேருக்கு அந்தத் தண்ணீர் வந்த கதை தெரியாது. கதை தெரிந்தும் சிரித்தார்களே மீதிப் பேர், அவர்களை என்ன சொல்வது!

முத்தப்பனும் செட்டியார்தான், நெற்குப்பைக்காரர். சிறு வயதிலேயே தகப்பன் போய்விட, பங்காளிகள் கையை விரிக்க, பர்மாவில் ஒரு கடைக்கு, உதவிக்கு நிற்கும் அடுத்தாளாகக் கப்பல் ஏறினார். அங்கே போனவர்கள் வீடு கட்டத் தேக்கு கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது குளிர்காய்ச்சலும், காசு பார்க்கத் தெரிந்த விரல்களும்தான். ரூபாயைச் சுண்டினால் சத்தத்திலேயே ஈயம் கலந்ததைச் சொல்லிவிடுவார். கள்ளக் காசைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை, ஓரளவு பழகினால் எவனுக்கும் வரும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது வேறொரு வித்தை. கோணலான காசு ஒன்று வந்தால், "பிறவிக் குறையா, பட்ட காயமா?" என்று கேட்டுக்கொண்டே திருப்புவார்.

நாணயச்சாலையிலேயே கோணிப் பிறந்த ரூபாயைக் கஜானாவில் முழு மதிப்புக்கு எடுத்துக்கொள்வார்கள். வெளியே எவனோ அரத்தால் ராவியதோ, வெட்டியதோ போனால் துண்டாக்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆகவே கடைக்கு அந்த வித்தியாசம் முக்கியம். ஓரத்தில் பிறை போலக் கடிபட்ட ரூபாய் வந்தால் முத்தப்பன் கடிபட்ட இடத்தைப் பார்க்கமாட்டார், அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பார்ப்பார். அங்கே விளிம்பு மேலெழாமல் சப்பையாக இருந்தால் தகடு வெட்டும்போதே வந்த குறை. எதிர் விளிம்பு எடுப்பாக இருந்தால் பின்னால் எவனோ வெட்டித் தின்றிருக்கிறான். கோர்ட்டு, போலீஸ் கச்சேரிக்காரர்கள்கூட அவர் சொல்லைத் தட்டுவதில்லை. அந்தப் பேரில் அவருக்குக் கர்வம் உண்டு, கொஞ்சமல்ல, நிறையவே உண்டு.

ஒரு வருஷம் வானம் பொய்த்தது. ஊருக்குத் தெற்கே கண்மாய்க்கரையில் குடியிருந்த சோணைமுத்து, வண்டிப் பட்டறையில் கூலியாள். வண்டி கட்டுவாரில்லை, பட்டறையில் வேலையில்லை, வீட்டில் அடுப்பும் எரியவில்லை. அவன் பெண்சாதி சின்னத்தாயி, வீட்டில் சாமியாக வைத்துக் கும்பிடும் ஐயனார் பெட்டிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். "கடனாத்தான் எடுக்கிறேன் சாமி, அறுப்புக்குத் திருப்பி வச்சிருவோம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் இருந்த ஒற்றை ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு காரைக்குடி அரிசிக்கடைக்கு வந்தாள்.

அது அவள் மாமனார் காலத்து ரூபாய். எல்லா ரூபாயிலும் ஒரு பக்கம் தலை, மறுபக்கம் பூ. இதில் பூவே இல்லை. ஒரு பக்கம் ராணித் தலை புடைத்திருக்கும், மறுபக்கம் அதே தலை முகம் மாறிக் குழிந்திருக்கும். சாமி கொடுத்த காசு என்று அந்தக் குடும்பம் நம்பியது. வெள்ளிக்கிழமைதோறும் புடைத்த பக்கத்தைத் திருநீறு போட்டுத் துலக்குவார்கள். குழிந்த பக்கத்தில் மஞ்சள் குழைத்து, அதிலிருந்து தொட்டுச் சாமிக்குப் பொட்டு வைப்பார்கள். துலக்கித் துலக்கி ராணியின் மூக்கு சப்பையாகிவிட்டது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் சேர்ந்து குழியிலும் விளிம்பிலும் பிசினாக இறுகிக் கிடந்தன.

அரிசிக்கடைக்காரன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கூச்சல் போட்டான். போலீஸ் வந்தது. சோணைமுத்து வேலை செய்த பட்டறையில், இரும்பை நடுவில் வைத்துத் திருகி இறுக்கும் வைசு ஒன்று இருந்தது. வண்டிப் பட்டறையில் வைசு இல்லாமல் வெண்டைக்காயா இருக்கும்? ஆனால் ஏட்டுக்கு அது போதும். நல்ல ரூபாய் மேல் இன்னொரு ரூபாயை வைத்து இறுக்கி அச்சு எடுக்கப் பழகியிருக்கிறான் என்று முடிவு கட்டி, சோணைமுத்தைக் கொண்டுபோய் அடைத்தார். அடுத்த நாள் காசை எடுத்துக்கொண்டு நோட்டத்துக்கு வந்தார். பின்னாலேயே சின்னத்தாயியும் ஓடிவந்தாள்.

"பிறவிக் குறையா, பட்ட காயமா செட்டியாரே? உங்க வாயால சொல்லிப்புட்டீகன்னா நான் அங்குட்டுப் போயி எழுதிருவேன்" என்றார் ஏட்டு.

முத்தப்பன் கையில் வாங்கினார். மூக்கு நசுங்கியிருந்தது. வைசில் இறுக்கினால் மேல் பக்கம் அப்படித்தான் நசுங்கும். விளிம்பைத் தடவினார். ரூபாயின் ஓரத்தில் இருக்கவேண்டிய வரிவரியான வெட்டுகள் விரலுக்குத் தட்டுப்படவில்லை. அதுவும் இறுக்கியதில் நசுங்கிப் போயிருக்கலாம். இனி ஒன்றே ஒன்றுதான் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் அடித்து முடித்த ரூபாயை வைசில் இறுக்கியிருந்தால் குழிக்குள்ளே பழைய பூவின் மிச்சம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். நாணயச்சாலையில், முன்னால் அடித்த காசு அச்சிலேயே மாட்டிக்கொண்டு அதன் மேல் புதுத் தகடு விழுந்திருந்தால், குழியில் தலை மட்டும்தான் இருக்கும், பூவின் வாடையே இருக்காது. அப்படி ஒரு காசைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார், கண்டதில்லை.

குழி முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது.

"ஐயா, அது ஐயனார் மஞ்சளுங்க. எங்க மாமனார் காலத்திலயிருந்து அப்பிடியே இருக்கு. எங்க வீட்டு ஆம்பளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று வாசலில் நின்று அழுதாள் சின்னத்தாயி.

சாமிக்குச் சாத்திய மஞ்சளைத் தண்ணீர் விட்டுக் கழுவ அவருக்கு மனம் வரவில்லை. ஐயனார் துடியான சாமி. நகத்தால் சுரண்டக்கூடப் பயந்தார். பயந்தால் "என்னால் சொல்ல முடியாது" என்று காசைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து அதுவரை வந்ததே கிடையாது. சாமிக்குப் பயந்த மனுஷன் சொல்லுக்குப் பயப்படவில்லை.

"பட்ட காயம்" என்றார்.

தேவகோட்டைக் கோர்ட்டிலும் சத்தியம் செய்து அதையே சொன்னார். கூண்டில் நின்ற சோணைமுத்து கோபப்படவில்லை. "செட்டியாரய்யா, இன்னொருவாட்டி நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் கும்பிட்டான். கோர்ட்டு அவனை அதட்டி அடக்கியது. இரண்டு வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பாகி, மதுரைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். காசு உறையில் போடப்பட்டு, அரக்கு முத்திரையோடு கோர்ட்டுப் பெட்டிக்குள் போயிற்று.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை முத்தப்பன் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சாலா ஆச்சி, பூஜைக்கு மஞ்சள் குழைக்கிற பித்தளைக் கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தின் வாய் வழவழவென்று இருந்தது. தண்ணீர் பட்டு மஞ்சள் கரைய, ஓரம் முழுக்கக் கொத்தியிருந்த கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முத்தப்பன் வாயைக் கொப்பளிக்க மறந்து நின்றார்.

"என்ன அப்பிடி வெறிச்சுப் பாக்குறீக?" என்றார் ஆச்சி.

"அந்த ஓரத்தில கோடு இருந்துச்சா?"

"இதென்ன கூத்து! எங்க வீட்டுச் சீருல வந்ததிலயிருந்து இருக்கு. மஞ்ச அடைச்சுக்கிட்டா கண்ணுக்குத் தெரியுமா?"

அன்றைக்கே நாச்சியப்பச் செட்டியாரிடம் போய், அந்த ரூபாயின் ஓரத்தையும் மஞ்சள்தான் அடைத்திருக்க வேண்டும் என்று சொன்னார். செட்டியார் பொறுமையாகக் கேட்டார். "யானைக்கும் அடி சறுக்கும் முத்தப்பா. ஆனா நம்ம கடை நோட்டம் தப்புன்னு நீயே கோர்ட்டுல போயிச் சொன்னா, நாளைக்கு எவன் நம்மள நம்பிக் காசு கொண்டாருவான்? உனக்கும் நிச்சயமாத் தெரியலயில்ல? தீவாளி போகட்டும், பாத்துக்கிடலாம்" என்றார். யானை சறுக்கிய பேச்சுதான் எல்லாரும் பேசுவார்கள். யானை யார் மேல் விழுந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முத்தப்பனும் கேட்கவில்லை. செட்டியார் தடுத்தார் என்று பிற்பாடு அவர் ஒருநாளும் சாக்குச் சொன்னதில்லை. பேர் போய்விடுமே என்று தானேதான் ஆவணியைத் தள்ளினார், புரட்டாசியைத் தள்ளினார். இரவில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. விரல் மட்டும் வழக்கம்போல ரூபாய் சுண்டிக்கொண்டிருந்தது. தீபாவளி எண்ணெய் தலையில் வைத்ததும் அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் எவரிடமும் சொல்லாமல் மாட்டுவண்டி பிடித்துத் தேவகோட்டைக்குப் போனார்.

மாஜிஸ்திரேட் நல்ல மனுஷன். எரிந்து விழுந்தாலும் உறையைப் பிரிக்கச் சொன்னார். முத்தப்பன் ஐயனாரை மனதில் கும்பிட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் காசைப் போட்டார். தண்ணீர் மஞ்சளாயிற்று. எடுத்துத் துணியால் துடைத்தார். ஓரத்து வரிகள் ஒன்றுகூட நசுங்காமல் வரிசையாக நின்றன. குழிக்குள் ராணியின் மூக்கு கூர்மையாக இருந்தது. பூவின் ஓர் இதழ்கூட எங்கும் இல்லை. அந்த ரூபாய்க்குப் பூ என்ற ஒன்று இருந்ததே கிடையாது.

"பிறவிக் குறைங்க எஜமான். நான் சொன்னது தப்பு. அந்த ஆளை விட்டுருங்க" என்றார். மாஜிஸ்திரேட்டுக்குக் காதில் விழவில்லை. மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

மாஜிஸ்திரேட் மதுரைக்கு எழுதினார். சோணைமுத்து பேதி கண்டு புரட்டாசிக் கடைசியில் இறந்துவிட்டான், உடலைச் சிறைக்காரர்களே எரித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. வீட்டுக்கு ஏன் சொல்லியனுப்பவில்லை என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. காசை மட்டும் உரியவளிடம் சேர்க்கும்படி உத்தரவாயிற்று. கோர்ட்டுச் சேவகன் கிளம்பப் போனான். அதைத் தானே கொண்டுபோவதாக முத்தப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கண்மாயில் அப்போது தண்ணீர் வந்திருந்தது. சின்னத்தாயி பிறத்தியார் வயலில் நாற்றுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் சேற்றுக் கையோடு வரப்புக்கு ஓடிவந்தாள். "எங்க வீட்டு ஆம்பளைய விட்டுட்டாகளா ஐயா?" என்றாள்.

வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை. நடந்ததை நடந்தபடியே சொன்னார், ஆடி மாதமே தெரிந்துகொண்டதையும் சேர்த்து. அவள் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். முத்தப்பன் காசை எடுத்து நீட்டினார். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பினாள். பளபளவென்று இருந்த குழியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சாமி மஞ்சள் எங்கங்கய்யா?"

"கழுவிட்டேன் ஆத்தா. கழுவினப்புறந்தான் நல்ல காசுன்னு தெரிஞ்சுச்சு."

சின்னத்தாயி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அன்னிக்கே கழுவியிருக்கலாமுல்லங்கய்யா" என்றாள்.