பெரியவர் கருமாதிப் பத்திரிகையில் வந்த வரி

இன்று கச்சிராயபாளையத்தில் செல்வியின் அச்சுக்கடைக்கு ஒரு நகல் எடுக்கப் போயிருந்தேன்.

வடக்கனந்தல் ராஜமாணிக்கம் தன் அப்பாவின் கருமாதிப் பத்திரிகையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பெரியவர் படம் போட்ட பக்கத்தின் அடியில், அவரே சொல்வதுபோல, "இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தை நான் ஆதரிக்கிறேன்" என்று அச்சாகியிருந்தது.

"எங்கப்பா யாருக்கு ஓட்டு போட்டாருன்னு எங்கம்மாவுக்கே தெரியாது. செத்த பொறவு போராட்டத்துக்குப் போய்க்கினு இருக்காரா?"

செல்வியின் கணினியில் பத்திரிகை வடிவமைக்க இருப்பது இலவச மென்பொருள். அதை உருவாக்குகிறவர்கள் புதிய பதிப்பில் எல்லாப் பக்கத்தின் அடியிலும் அந்த வரியைச் சேர்த்துவிட்டார்களாம்.

"திறந்த மென்பொருள்ணா. யாரு வேணா மாத்திக்கலாம்."

"அப்ப மாத்தும்மா!"

"எனக்கு மாத்தத் தெரியாதுண்ணா."

வரிசையில் நின்ற ஒருவர், "நல்ல விஷயந்தானே, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். இன்னொருவர், "அப்ப எங்க கோரிக்கையையும் கீழ போடு" என்றார்.

காரியம் நாளை மறுநாள். பத்திரிகை இன்றே உறவுக்காரர் வீடுகளுக்குப் போயாக வேண்டும். கடைசியில் அடிப்பக்கத்தை வெட்டினோம். அந்த வரிக்குப் பக்கத்தில் இருந்த மகன் ராஜமாணிக்கத்தின் பெயரும் சேர்ந்து போய்விட்டது. நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் கையால் பெயர் எழுதிக் கொடுத்தேன்.

போராட்டம் நியாயம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் நான் வகுப்பில் பிடித்த சாக்பீஸ், பாடம் எழுதி முடித்ததும் தன் கருத்தைத் தானாக எழுதியதில்லை.

கிளம்பும்போது ராஜமாணிக்கம் என் காதருகே வந்து சொன்னார்: "எங்கப்பா ஆதரிச்சுத்தான் இருப்பாரு வாத்தியாரே. ஆனா அத அவருதான சொல்லணும்?"

மென்பொருள் எழுதும் என் பழைய மாணவர்களே, அவருடைய கேள்விக்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.