கேசட்டக்காவின் நீலப் பட்டை

எங்கள் தெருவில் அவளுக்குப் பெயர் கேசட்டக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பழைய வீடியோ கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்போனில் பார்க்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பாள். நான் பக்கத்துக் கடையில் துணி தைக்கிறவள். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி காதால் கேட்டது. கற்பனையாகச் சேர்த்துச் சொல்கிற பழக்கம் இந்தத் தெருவில் வேறு ஆட்களுக்கு உண்டு, எனக்குக் கிடையாது.

கேசட்டை மாற்றுவது பட்டனைத் தட்டினால் முடிகிற வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரமும் ஓடித்தான் கம்ப்யூட்டரில் ஏறும். மற்ற கடைக்காரர்கள் ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். இவள் நகர மாட்டாள். படம் இழுத்தால் நிறுத்தி, டேப்பில் பூத்திருக்கிற பூஞ்சையைத் துடைத்து, மறுபடி ஓட்டுவாள். ஊரார் வீட்டுக் கல்யாணம், சண்டை, குழந்தை நடை பழகியது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். நானாக இருந்தால் இந்நேரம் வெடித்திருப்பேன்.

பழைய கேசட் படத்தில் அடி ஓரத்தில் ஒரு கோடு எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் அந்த ஓரத்தை வெட்டி எறிவார்கள். "வெட்டினா முன்வரிசையில தரையில உக்காந்திருக்கிற பசங்களோட காலு போயிடுமே" என்பாள் இவள். வெட்டாமல் அதன்மேல் ஒரு மெல்லிய பட்டை வைத்து மறைப்பாள். அதுவும் கறுப்பு கிடையாது. கறுப்பு வைத்தால் இரங்கல் செய்தி மாதிரி இருக்கிறதாம். கருநீலம். நான் பார்த்தவரை வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை, இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

இன்னொரு பழக்கமும் உண்டு. ஃபைலை வாங்கிக்கொள்ள ஆள் வந்ததும் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பி, கடையில் இருக்கிற பிரதியை அவர் கண்முன்னே அழிப்பாள். "உங்க வீட்டு விஷயம் உங்க வீட்டோட இருக்கட்டும்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கடையில் அவளோடு வேலை பார்த்தவள் அவள் தங்கை. சின்னவள் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். கேசட்டிலிருந்து முதலில் ஏறுகிற ஃபைல் யானை மாதிரி இருக்கும், போனில் நுழையாது. அதை எம்பி-ஃபோராகச் சுருக்கி மாற்றுவது சின்னவளின் வேலை. அதற்குத் தனி மேஜை, தனி கம்ப்யூட்டர். அக்காக்காரி அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். "எனக்கு டேப்தான் தெரியும், மூளை அவளுக்குத்தான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை. எனக்கு அப்போதே எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் தபால்காரர் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் தெருவுக்கு அவர் தபால்காரர்தான். அவர் மனைவி பாட்டு டீச்சர், காலமாகிவிட்டார். பள்ளிக்கூட விழா ஒன்றில் அந்த அம்மா மேடையில் பாடிய கேசட்டை இங்கேதான் மாற்றிக்கொண்டு போயிருந்தார். பாதியில் வரி மறந்துபோய், முதலிலிருந்து தொடங்கி, மறுபடி அதே இடத்தில் மறந்து, கடைசியில் தானே சிரித்து, "சரி, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்று சொல்வாராம். அந்த அம்மாவின் குரல் என்று அவரிடம் இருப்பது அது ஒன்றுதான்.

போனை நீட்டினார். ஏதோ சிரிப்பு வீடியோ போடுகிற சேனலில் அந்த அம்மா பாடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை வரி மறக்கும்போதும் பின்னால் ஒரு கழுதை கத்தியது.

"கழுதை சத்தம் போட்டிருக்காங்கம்மா" என்றார். "என் பேத்தியோட கிளாஸ்ல எல்லாரும் பாத்துச் சிரிச்சிருக்காங்க."

அக்கா பதறிப்போனாள். "என் கடைலேருந்து போயிருக்கவே போயிருக்காதுங்க. உங்க கண்ணு முன்னாடிதானே அழிச்சேன்?"

"நீ பண்ணினேன்னு நான் சொல்லலம்மா. எப்படிப் போச்சுன்னுதான் கேக்கறேன்."

"சொந்தக்காரங்க யாருக்காவது அனுப்பினீங்களா? அங்கேருந்து போயிருக்கும். நான் சத்தியம் பண்றேங்க, என் கடை இல்ல."

அவரும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அக்கா அந்தச் சேனலை என் போனில் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். மேஜைமேல் போனை வைத்துக் குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை. நானும் எட்டிப் பார்த்தேன். படத்தின் அடியில் கருநீலப் பட்டை. அடுத்த வீடியோவைத் தள்ளினாள், அதிலும் பட்டை. யாரோ ஒரு மாப்பிள்ளை நாற்காலியோடு சாய்கிறார், பட்டை. ஒரு குழந்தை கேக்கில் முகம் குப்புற விழுகிறது, பட்டை. தள்ளத் தள்ள அவள் உட்கார்ந்து துடைத்து எடுத்த படங்களாகவே வந்துகொண்டிருந்தன.

"நான் அழிச்சது என் கம்ப்யூட்டர்ல இருக்கிறத" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சுருக்கின பிரதி சின்னவளின் கம்ப்யூட்டரில் தங்கும் என்று இத்தனை காலமும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

சின்னவள் சாப்பிட்டுவிட்டு வந்ததும் நான் என் பக்கம் போய் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"இது நீதானே?"

முதலில் இல்லை என்றாள். பிறகு, "எல்லாரும் சிரிக்கிறாங்க, இதுல யாருக்கு என்ன போச்சு?" என்றாள். பிறகு குரல் ஏறியது. "ஊர் முழுக்க உன்னைத்தான் கேசட்டக்கான்னு கொண்டாடுது. நானும் இங்கதான் உக்காந்திருக்கேன், என்னை யாருக்குத் தெரியும்? எனக்குன்னு என்னக்கா இருக்கு?"

"அந்தச் சேனல்தான் உனக்குன்னு இருக்கா? செத்துப்போனவங்க பாட்டுக்கு கழுதை சத்தம் போட்டா?"

சின்னவள் அழ ஆரம்பித்தாள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன், சாதாரண அழுகை இல்லை. அக்காவின் மடியில் விழுந்து, "தப்புப் பண்ணிட்டேன்க்கா, என்னை மன்னிச்சுடுக்கா" என்று ஏங்கி ஏங்கி அழுதாள். அங்கேயே எல்லா வீடியோவையும் நீக்கினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுத் துரத்த வேண்டாமா? இவள் என்னடாவென்றால் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நான் அவர் வீட்டுக்குப் போறேன்" என்றாள் அக்கா. "என் கடைலேருந்துதான் போச்சுன்னு சொல்லி மன்னிப்புக் கேக்கணும். பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"என் பேரைச் சொல்லிடாதக்கா. வெளிய தலைகாட்ட முடியாது."

"சொல்ல மாட்டேன். கடை என்னுது, நான் பாத்துக்கறேன்."

சாயந்திரம் சின்னவள் வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கண் வீங்கியிருக்கிறது, முகம் கழுவிக்கொண்டு போ என்று சொன்னதுகூட என் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் என்னையும் துணைக்கு வரச் சொன்னாள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். தபால்காரர் கேட்டருகே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் கேட்டைத் திறக்கவில்லை.

"ஐயா, உங்ககிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். அது என் கடைலேருந்துதான் போயிருக்கு. நேத்து தெரியாம சத்தியம் பண்ணிட்டேன்."

"தெரியும்மா" என்றார். எங்கள் தெருவில் யாரிடமும் அவர் அப்படி வறட்சியாகப் பேசி நான் கேட்டதில்லை. "நீதான் அந்தச் சேனலை நடத்தறியாமே. உன் தங்கச்சி வந்து சொல்லிடுச்சு. அது எவ்வளவோ தடுத்துப் பாத்துச்சாம், நீ கேக்கலையாம். பாவம், தான் சொன்னதா சொல்லிட வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. நாங்கூடச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன்."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். விரல் வலிக்கிற அளவுக்கு அழுத்தினாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், உண்மை விளங்கிவிடும். அந்த வார்த்தையைத்தான் சொல்ல மாட்டேன் என்று சின்னவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே.

"எப்ப வந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்து சாயந்திரம். வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியில."

அக்கா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுதாளா?"

"அழாம? இந்தப் படியில உக்காந்து ஏங்கி ஏங்கி அழுதுச்சு. நான்தான் கண்ணைத் துடைச்சு அனுப்பினேன்."