சிரட்டை நண்டின் பூர்வகதை

என் மனைவி காலமான பிறகு, மகள் மடிக்கணினியோடு வந்து எங்கள் கடற்கரை வீட்டில் தங்கினாள். விநோதப் பிராணிகளைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் கைப்பேசி விளையாட்டு ஒன்றுக்கு அப்பிராணிகளை வரைவது அவள் தொழில். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே, நெருப்பு உமிழும் நண்டு ஒன்றை அவள் காட்டியபோது, இது எதைத் தின்னும் என்று கேட்டேன்.

"இது சண்டை போடும் அய்யா. தின்னாது."

"தின்னாத பிராணிக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய கொடுக்கு? கல்யாண வீட்டுல பந்தி பரிமாறவா?"

அவளுடைய மேலாளரும், பந்தியைத் தவிர, ஏறக்குறைய இதையே கேட்டிருந்தாராம். அது ஏன் அப்படி ஆனது என்று சொல்லும் பூர்வகதை இல்லாவிட்டால் நண்டு விளையாட்டிலிருந்து நீக்கப்படும். அவள் தனியாக வடிவமைத்த முதல் பிராணி அது.

எங்கள் கரையில் குடிநீர் மணலில் ஊறும். முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, தேங்காய்ச் சிரட்டையால் மேலாக அள்ள வேண்டும். பேராசைப்பட்டு ஆழத் தோண்டினால் அடியிலிருந்து உப்புநீர் ஏறிவிடும். வீட்டுக்குக் குழாய் வந்த பின்னும் என் மனைவி காப்பிக்கு ஊற்றுநீரைத்தான் அள்ளிவந்தாள். மண்வெட்டியோடு நான் உதவப் போனால், "ஏங்க, கெணறு வெட்டவா வந்தீக? அங்கன தள்ளி நில்லுங்க. அதுவா ஊறும்" என்று இடது கண்ணைச் சுருக்கி முறைப்பாள்.

மகள் அதை அம்மாவின் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். சிரித்தோம். பிறகு அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஊத்துத் தண்ணியக் காக்குற நண்டுன்னு வச்சுக்கிருவமா அய்யா?"

கதை வந்ததும் உருவம் மாறத் தொடங்கியது. முதலில் நெருப்பு போயிற்று. ஊற்றருகே அதற்கு வேலையில்லை. கொடுக்கு சிரட்டையாகக் குழிந்தது. நீர் கலங்காமல் நடப்பதற்காகக் கால்கள் மெலிந்து நீண்டன. கண்கள் காம்புகளின்மேல் உயர்ந்து, தோண்ட வருபவனைத் தொலைவிலேயே முறைத்தன. அந்த முறைப்பை மட்டும் மகள் பலமுறை அழித்து வரைந்தாள். இடது கண் இன்னும் சற்றுச் சுருங்க வேண்டும் என்றேன். அது விலங்கியல் சார்ந்த திருத்தம் அன்று.

"சரி, சண்டை?" என்று கேட்டேன்.

"எதிரி வேகமாத் தோண்டுவான். உப்புத் தண்ணி ஏறி அவனே கவுந்துருவான். இது சும்மா பாத்துக்கிட்டு நிக்கும்."

"வாய் மூடியா நிக்கும்? திட்டுமே."

கதை மேலாளருக்குப் பிடித்தது. ஆனால் விளையாட்டில் நண்டு அடுத்த கட்டத்துக்கு வளர்ந்ததும் கொடுக்கு மண்வெட்டியாக வேண்டும் என்றார். மகள் மறுத்துவிட்டாள். "மண்வெட்டி வச்சா அது நீங்கய்யா, நண்டு இல்ல" என்று என்னிடம் சொன்னாள். அவருக்கு அவள் அனுப்பிய காரணம் இன்னும் நாகரிகமாக இருந்திருக்கும். நண்டு சிரட்டையோடு தப்பியது.

சோதனைப் பதிப்பை என் கைப்பேசியில் ஏற்றித் தந்தாள். திரையில் ஒரு மணற்குழி, அதன் நீரில் நண்டு. தொட்டேன், நீர் கலங்கி நண்டு மறைந்தது. இன்னும் வேகமாகத் தொட்டேன். உப்பு ஏறிவிட்டதாகத் திரை அறிவித்தது.

"தள்ளி நில்லுங்கய்யா" என்றாள் மகள்.

கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன். நீர் மெல்ல ஊறித் தெளிந்தது. முதலில் கண்கள் மட்டும் மேலே வந்தன. என்னை முறைத்தன.