ஏற மறுத்தவர்

எண்பதுகளில் துபாயில், அல் குசைஸ் லேபர் கேம்ப் ஆட்களை பிக்கப்பில் சைட்டுக்கு ஏற்றிப்போவது என் டூட்டி. அதில் ஒரு கொத்தனார், ஒல்லியானவர், தலையில் எப்போதும் ஈரத்துண்டு. ஒரு வெள்ளிக்கிழமை, அவர்களுக்கு லீவு நாள், சரக்கோடு ஃபுஜைரா போகையில், மலைப்பாதைச் சரளையில் அவர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். மணலில் புதையாதிருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கியிருந்தார். மலைக்கு அந்தப்பக்கம் ஃபுஜைரா கடல்வரை போகிறாராம்.

“ஏறுங்கண்ணே, வெயில்ல செத்துருவீங்க.”

“போய்யா! வந்த நாள்லேர்ந்து மூட்டை மாதிரி ஏத்துறீங்க, எறக்குறீங்க. இன்னிக்கு நானாப் போறேன்.”

சாயங்காலம் திரும்புகையில் மேட்டு உச்சியில் நின்றிருந்தார். முழங்காலில் ரத்தம். கை காட்டினார், பிரேக்கை மிதித்தேன். அந்த ரோட்டில் எனக்குக் கை காட்டிய அத்தனை பேரும் நிறுத்தச் சொன்னவர்கள். இவர் ஒருவர்தான் ‘போ’ என்றார்.